இங்கேதான் இருந்தோம்

கொழும்பின் வத்தைக் குடியிருப்புகளிலிருந்து சப்ரகமுவ லயங்கள் வரை, காணி கைமாறும்போது ஏழைக் குடும்பத்தின் கையில் மிஞ்ச வேண்டியது என்ன?

இலங்கையில் அரச காணியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை வெளியேற்ற நீண்ட விசாரணை தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டம் அந்த வழியை மிகவும் சுருக்கி வைத்திருக்கிறது. அதிகாரி ஒருவர் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, காணியை விட்டுப் போகும்படி அறிவித்தல் அனுப்புவார். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்வார். அங்கே குடியிருப்பவர் காட்டக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான்: அரசு சட்டப்படி எழுதிக் கொடுத்த, இன்னும் செல்லுபடியாகும் அனுமதி. எத்தனை வருடம் இருந்தீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், இந்தச் சுவரைக் கட்ட எவ்வளவு கடன்பட்டீர்கள் என்று அந்தச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்க வேண்டியதில்லை.

அனுமதிப் பத்திரம் இல்லாத குடும்பத்திடமும் கடதாசிகள் இருக்கின்றன. மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பில் பெயர், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிளினிக் அட்டை, சேமலாப நிதிப் பதிவு என்று ஒரு வாழ்க்கை முழுவதும் எங்கெங்கோ எழுதப்பட்டிருக்கிறது. அவை காணி உறுதிகள் ஆகமாட்டா. ஆனால் ‘இவர்கள் இங்கேதான் இருந்தார்கள்’ என்பதை அவற்றைவிடத் தெளிவாகச் சொல்ல வேறெதுவும் இல்லை. அந்தச் சாட்சியம் திரட்டப்பட்ட இடங்களில் ஏழைகள் சில வேளைகளிலாவது வென்றிருக்கிறார்கள். திரட்டப்படாத இடங்களில் ஊரோடு சேர்ந்து ஊரின் வரலாறும் போய்விட்டது.

வளவைக் கரையில்

எம்பிலிப்பிட்டிய இன்று இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் பரபரப்பான நகரம். அதை இந்த அளவுக்கு வளர்த்தது வளவை ஆற்றுத் திட்டம். 1960களில் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை உடவளவையில் அணை கட்டியது. வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, வயல்கள் பிரிக்கப்பட்டன, வெளியூர்களிலிருந்து குடியேற்றவாசிகள் வந்தார்கள். வறண்ட காட்டுப் பகுதி நெல்லும் வாழையும் விளையும் நிலமானது. இந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது.

அதே மண்ணில் திட்டத்துக்கு முன்பே சேனைப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 1972 ஜூன் 30ஆம் திகதி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிய நிலம் உடவளவை தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 30,000 ஹெக்டயருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தில் பயிர் செய்துவந்தவர்கள் படிப்படியாக அகற்றப்பட்டார்கள். அணையின் நீளமும் நீரின் கொள்ளளவும் எளிதாகக் கிடைக்கும். சேனைக்காரர்களின் குடும்பப் பெயர்களும், அவர்கள் விட்டுப்போன மரங்களும், பெற்ற நட்டஈடும் அப்படி ஒரே இடத்தில் எழுதப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. அபிவிருத்தியின் கணக்கில் கட்டியதற்கு ஒரு பக்கம் இருந்தால், எடுத்ததற்கும் ஒரு பக்கம் இருந்தாக வேண்டும்.

பதிவு செய்து வைப்பதன் வலிமையை எம்பிலிப்பிட்டிய வேறொரு துயரத்தின் வழியாக நாட்டுக்கே காட்டியிருக்கிறது. தெற்கில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1989-90 காலத்தில் இந்த ஊரின் பாடசாலை மாணவர்கள் பலர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பெற்றோர் ஓயவில்லை. முறைப்பாடாகவும் கடிதமாகவும் ஆணைக்குழு முன் சாட்சியமாகவும் தங்கள் பிள்ளைகளின் கதையைத் திரும்பத் திரும்பப் பதிய வைத்தார்கள். 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளாகக் கண்டு 10 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அக்காலக் கொடுமைகளில் பெரும்பாலானவை நீதிமன்ற வாசலைக்கூடத் தொடாத நாட்டில் இது அபூர்வம். காணியை இழப்பது பிள்ளையை இழப்பதற்கு ஈடாகாது. ஆனால் அந்தப் பெற்றோர் காட்டிய வழி காணி இழந்தவர்களுக்கும் உரியது.

நேவ்ஸ்மயர்: லயக் காம்பராவிலிருந்து லண்டன் வரை

சப்ரகமுவத் தோட்டங்களின் மக்களுக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. கேகாலை மாவட்டத்தில் உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராம விஸ்தரிப்புக்காக, அதாவது நிலமற்ற கிராமத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக, அரசு அதைச் சுவீகரித்தது. கிராமத்தவர்களின் நிலப்பசி உண்மையானது. பிரித்தானியர் காலத்தில் பெருந்தோட்டங்கள் கண்டி இராச்சியக் கிராமங்களின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியிருந்தன. ஆனால் அந்தக் கடனைத் தீர்க்கும் பொறுப்பு, ஒரு துண்டு நிலத்துக்கும் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளர் தலையில் விழுந்தது. லயங்களைக் காலி செய்யும்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போக மறுத்தார்கள்.

1946இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் அவர்களுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கேகாலையில் மூண்டது மலையகத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மறுபுறம், லயத்தை விட்டுப் போகாதவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. தான் வாழ்ந்த காம்பராவில் தொடர்ந்து இருந்ததே குற்றமாக்கப்பட்டது.

அந்த வழக்கு இலங்கை நீதிமன்றங்களைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தீர்ப்பு தொழிலாளியின் பக்கம் நின்றது. குற்றவியல் அத்துமீறலை நிறுவ வேண்டுமானால், பிறருக்கு எரிச்சலூட்டுவதே அந்த மனிதரின் முதன்மையான நோக்கம் என்று காட்ட வேண்டும். நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போக விரும்பாமல், தனக்கு அங்கே இருக்க உரிமை உண்டென்று மனதார நம்பி ஒருவர் தங்கியிருந்தால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாகவே இருந்தாலும், அது அவரைக் குற்றவாளி ஆக்காது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் நீதிமன்றங்களிலும் இந்தத் தீர்ப்பு மேற்கோளாகியிருக்கிறது. கேகாலை லயமொன்றில் இருந்த ஒரு தொழிலாளியின் வழக்கு, காமன்வெல்த் நாடுகளின் குற்றவியல் சட்டத்துக்கு ஒரு வரையறை தந்தது.

அந்தத் தொழிலாளிக்குக் கைகொடுத்தது காணி உறுதியல்ல. அப்படியொன்று அவரிடம் இருக்கவும் முடியாது. ‘எனக்கு வேறு வீடில்லை, இங்கேதான் இருந்தேன்’ என்பதை வழக்கேட்டில் ஏற்றியதுதான் கைகொடுத்தது. ஆனால் குற்றவாளி இல்லை என்பது வேறு, காணியின் உரிமையாளர் என்பது வேறு. தீர்ப்பால் லயங்களில் இருந்த மக்களுக்கு நிலம் வந்துவிடவில்லை. அதற்குள் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றியபோதும் அங்கே உழைத்தவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடைக்கவில்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் தமிழருக்கு எதிரான வன்முறைக்கு அஞ்சி வவுனியாப் பக்கம் ஓடியபோது, பின்னால் விட்டுப்போனதற்கு எத்தனை பேரிடம் பட்டியல் இருந்தது?

கொம்பனித்தெருவில் விழுந்த சுவர்கள்

போர் முடிந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2010 மே 8ஆம் திகதி, கொழும்பு கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அதே வருடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. வீட்டையும் வடிகாலையும் திட்டமிட வேண்டிய நிறுவனத்துக்கு இராணுவத்தின் மேலதிகாரிகளே மேலதிகாரிகளானார்கள். அறிவித்தலோடு வரும் அதிகாரிக்குப் பின்னால் சீருடை நிற்கும்போது, ஒப்பமிட மாட்டேன் என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

நகரப் புனரமைப்புத் திட்டத்தின் கணக்கு வெளிப்படையானது. கொழும்பில் அப்போது ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் ‘வசதி குறைந்த குடியிருப்புகளில்’ வாழ்ந்தன. அவை பிடித்திருந்தது சுமார் 900 ஏக்கர். அவர்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றினால் அந்த நிலம் முதலீட்டுக்கு விடுபடும். சேரி ஒழியும், ஏழைக்கு நல்ல வீடு கிடைக்கும், நகரம் அழகாகும் என்று விளக்கம் தரப்பட்டது. நல்ல வீடு கிடைத்ததாக மகிழ்ந்த குடும்பங்களும் இருந்தன. பலகை வீட்டில், வெள்ளம் ஏறும் கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு ஓட்டையில்லாத கூரையும் தனிக் கழிப்பறையும் சிறிய விடயங்கள் அல்ல.

ஆனால் ‘வசதி குறைந்த’ என்ற ஒரே பெயருக்குள் எல்லாரும் அடைக்கப்பட்டார்கள். கொம்பனித்தெருவின் ஜாவா லேன் போன்ற இடங்களில் கல்வீடு கட்டி, மாடி எழுப்பி, தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். சிலரிடம் சொந்த உறுதியே இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழ்ந்த ஒழுங்கைகள் அவை. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 400 சதுர அடி மாடி வீடுதான். அதுவும் இலவசமல்ல. 10 இலட்சம் ரூபாய் விலை வைக்கப்பட்டு, முற்பணம் போக மீதியை 20 அல்லது 30 வருடங்களில் மாதாமாதம் கட்டச் சொன்னார்கள். கடன் ஏதுமின்றித் தன் வீட்டில் இருந்தவர், பலவந்தமாகக் கடன்காரர் ஆனார். இடியப்பம் அவித்து விற்றவர், வீட்டு முன்னால் சில்லறைக் கடை வைத்திருந்தவர், முச்சக்கர வண்டி திருத்தியவர் எல்லாரும் எட்டாம், பத்தாம் மாடிக்குப் போனதும் வாடிக்கையாளர்களை இழந்தார்கள்.

2015க்குப் பின் இத்திட்டம் பாதுகாப்பு அமைச்சிலிருந்து விலக்கப்பட்டது. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி இதற்கென 20 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆட்சிகள் மாறின, அமைச்சுகளின் பெயர்கள் மாறின, நிலத்தை விடுவிப்பது என்ற கணக்கு மாறவில்லை.

எழுதி வைத்தவர்கள்

கொழும்பின் கதை உடவளவைச் சேனைக்காரர்களின் கதைபோல் மறைந்துவிடாமல் காத்தது ஆவணப்படுத்தல். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014, 2015, 2016 ஆகிய மூன்று வருடங்களிலும் இந்த வெளியேற்றங்கள் பற்றி அறிக்கைகளை வெளியிட்டது. ஆய்வாளர் இரோமி பெரேரா அப்பணியில் முன்னின்றார். அந்த அறிக்கைகளின் சிறப்பு, ஒரு தடவை போய்ப் படம் பிடித்து வந்து கண்ணீர்க் கதை எழுதி முடிக்காததுதான். முதலாவது, இடிப்பு எப்படி நடந்தது, எந்தச் சட்டம் பின்பற்றப்பட்டது, எது மீறப்பட்டது என்று பார்த்தது. அடுத்தது மாடி வாழ்க்கையைப் பார்த்தது. மூன்றாவது, வருடங்கள் கழிந்து மின்தூக்கி வேலை செய்கிறதா, தவணை கட்ட முடிகிறதா, தொழில் என்ன ஆனது என்று வீடு வீடாகக் கேட்டறிந்தது. வீடு கைமாறிய நாளோடு வெளியேற்றம் முடிந்துவிடுவதில்லை என்பதை அதன்பின் எந்த அதிகாரியும் மறுக்க முடியாமல் போனது. புதிய வீட்டின் சாவிக்கு முன்னால் பழைய வீட்டின் மூலப் பத்திரங்களை ஒப்படைக்கும்படி மக்கள் கேட்கப்பட்டதையும் இந்த ஆய்வுகள் கவனப்படுத்தின. தவறைக் காட்டும் கடதாசியே கையைவிட்டுப் போய்விட்டால், பிறகு எதை வைத்து வாதாடுவது?

கொம்பனித்தெருவில் இளம் கலைஞர்களும் தங்கள் வழியில் இறங்கினார்கள். ஃபிரி ரஹ்மான், பரிலோஜிதன் ராமநாதன் உள்ளிட்டோர் ‘வி ஆர் ஃப்ரம் ஹியர்’ (நாங்கள் இவ்விடத்தவர்) என்ற பெயரில் அப்பகுதி மக்களின் முகங்களையும் தொழில்களையும் ஒழுங்கைகளையும் வரைந்தும் படமெடுத்தும் வைத்தார்கள். ஒரு சட்டத்தரணிக்கு வேண்டிய சான்றும் ஒரு ஊருக்கு வேண்டிய நினைவும் வேறு வேறு, இரண்டும் தேவை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே வேலை நடக்கிறது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிச் செல்லப்பட்ட குடும்பங்களின் நிலையை நகர்ப்புற ஏழைகளுக்கான அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்கின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் இந்தியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதாக, வீட்டு மற்றும் நில உரிமை வலையமைப்பு எண்ணிச் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சம்பவமாகத் திரட்டப்பட்டது.

சட்டம் தரும் பிடிமானம்

பதிவு செய்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இலங்கை உயர் நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளே பதில். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம், பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை எடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அவசரம் என்றால் அதன் 38ஆம் பிரிவின் கீழ் உடனே உடைமையும் எடுக்கலாம். அந்தப் பொதுத் தேவை எதுவென்று முதல் அறிவித்தலிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த தீர்ப்பு வலியுறுத்தியது. தெற்கு அதிவேகப் பாதையின் தடம் மாற்றப்பட்டபோது, தங்களிடம் கேட்காமலே காணி எடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2004இல் அதே நீதிமன்றம் நட்டஈடு வழங்கச் சொன்னது. 2008 ஒக்டோபரில், பொதுத் தேவைக்கென்று எடுத்த பத்தரமுல்லைக் காணி தனியார் கோல்ஃப் மைதானமான ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ விவகாரத்தில், அந்தக் கைமாற்றத்தையே இரத்துச் செய்து முன்னாள் ஜனாதிபதிக்கு 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது.

இந்த வழக்குகளில் எல்லாம் நீதிமன்றத்தை அசைத்தவை திகதிகளும் கடிதங்களும் வரைபடங்களும். 2001இல் அமைச்சரவை ஏற்ற தேசிய பலவந்த மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவர்களுக்கும் நியாயமான கவனிப்பு வேண்டும் என்று சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்திடமோ அதிகார சபையிடமோ திட்ட வரைபடத்தையும் நட்டஈட்டுப் பட்டியலையும் எழுத்தில் கேட்கலாம்.

லயங்கள் இப்போது செய்ய வேண்டியது

கஹதுடுவையிலிருந்து இரத்தினபுரி ஊடாகப் பெல்மதுளை வரை ருவன்புர அதிவேகப் பாதை திட்டமிடப்பட்டிருக்கிறது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்கு நெடுஞ்சாலை ஏற்கெனவே இருக்கிறது. பாதை வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். தோட்ட நிலத்தின் மீது கண்களும் விழும். தோட்டக் காணி அரசின் பேரில் இருக்கிறது. 1992இலிருந்து கணக்கிடப்படும் 53 வருடக் குத்தகையில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை வைத்திருக்கின்றன. குத்தகை 2045இல் முடியும். அரசுக்கும் கம்பனிக்கும் நடுவில் லயத்தில் இருக்கும் குடும்பத்தின் பெயர் எந்தக் காணிப் பத்திரத்திலும் இல்லை. 7 பேர்ச்சஸ் காணியில் வீடும் அதற்கு உறுதியும் கிடைத்தவர்கள் சிலரே. பல இடங்களில் கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கிறது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட இருந்த சட்டத் தடையே 2018இல்தான் நீங்கியது.

இப்படிப்பட்ட இடத்தில் பதிவு செய்யும் வேலை காணி அறிவித்தலுக்குக் காத்திருக்கக் கூடாது. லயத்தின் முன்னால் இழுத்துக் கட்டிய குசினி, சொந்தச் செலவில் மாற்றிய தகரம், போட்ட சீமெந்துத் தரை ஆகியவற்றைத் திகதி தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும். பலா, கோப்பி, மிளகுக் கொடி, மாட்டுப் பட்டி, மரக்கறித் துண்டு எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும், ஏனெனில் மதிப்பீட்டாளர் வரும்போது எழுதாத மரத்துக்கு விலை இல்லை. செக்ரோலில் பெயர் பதிந்த வருடம், சம்பளச் சிட்டை, சேமலாப நிதி இலக்கம், பிள்ளைக் காம்பராப் பதிவு, பாடசாலையில் சேர்த்த திகதி, வாக்காளர் இடாப்பின் பிரதி ஆகியவை ஒரு கோப்பில் சேர வேண்டும். மாரியம்மன் கோயில், மயானத்தில் பாட்டன் பூட்டனின் குழிகள் ஆகியவையும் சான்றுகளே. ஒரு சமூகம் ஓரிடத்தில் எத்தனை தலைமுறை இருந்தது என்பதற்கு அவற்றைப்போல் பேசக்கூடியது குறைவு.

மூலப் பத்திரத்தை எவருக்கும் கொடுத்துவிடக் கூடாது. கொடுக்க வேண்டி வந்தால் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். புரியாத மொழியில் எழுதிய படிவத்தில் ஒப்பமிடக் கூடாது. சப்ரகமுவத் தோட்டங்களில் பெரும்பாலான அலுவலகப் படிவங்கள் சிங்களத்தில்தான் வருகின்றன. தமிழில் கேட்பது சட்டம் தரும் உரிமை. பிரதிகளைக் கோயில் கமிட்டியிடமோ தொழிற்சங்கக் காரியாலயத்திலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ வைக்கலாம். சாட்சியத்தைக் குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், பெண்களிடம் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், கடன் யாரிடம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியேற்றத்தால் முதலில் அறுந்துபோவதும் அந்த ஏற்பாடுகள்தான்.

பதிவு செய்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பேசியவர் பெயர் வெளியானால் அவருக்கு வேலை போகலாம், அடுத்த வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபடலாம். ஆகவே எதை வெளியிடுவது, எதைப் பூட்டி வைப்பது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். திரட்டிய கோப்பின் பிரதி முதலில் அந்தக் குடும்பத்திடமே திரும்பிப் போக வேண்டும்.

மக்கள் எழுதி வைத்தால் போதாது. அரசும் கேட்கக் கடமைப்பட வேண்டும். 1979ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, நெடுங்காலக் குடியிருப்பையும் மாற்று வீட்டையும் நீதவான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு மீள்குடியேற்றக் கொள்கை வெறும் கொள்கையாக இல்லாமல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாக வேண்டும். 2045இல் குத்தகை முடிந்து தோட்டக் காணி யாருக்கு என்ற பேரம் தொடங்குவதற்கு முன், லயக் குடும்பங்களின் பெயரில் உறுதிகள் எழுதப்பட வேண்டும். நேவ்ஸ்மயர் தொழிலாளியின் பக்கம் நியாயம் இருந்ததைச் சொல்ல 1950இல் லண்டன் வரை போக வேண்டியிருந்தது. அதை எம்பிலிப்பிட்டியவிலோ கேகாலையிலோ இருக்கும் நீதவானே சொல்லக்கூடிய சட்டத்தை இயற்றும் அதிகாரம் இன்று நம் பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்போம்; அவர்கள் தரும் பதிலையும் அதே கோப்பில் சேர்த்து வைப்போம்.